பறவை விற்கும் கடைக்காரர்களுக்கு: கூண்டோடு ஒரு சீட்டும் கொடுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கூண்டுப் பறவைகளும் கூண்டும் தீனியும் விற்கும் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். தீனி வாங்க வந்து நிற்கும்போது காதில் விழுவதுதான். பேசுமா? கடிக்குமா? இதில் எது ஆண்? எப்போது முட்டை வைக்கும்? ராத்திரியில் கத்துமா? ஜோடி என்ன விலை, கடைசியாகச் சொல்லுங்கள்? நீங்களும் சளைக்காமல் பதில் சொல்கிறீர்கள். லவ் பேர்ட்ஸுக்கு மூக்குக்கு மேலே நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று பிடித்துக் காட்டுகிறீர்கள். தினை எவ்வளவு போடுவது, கொறிக்கத் தரும் கணவாய் மீன் ஓட்டை எங்கே மாட்டுவது, முட்டை வைக்கும் பானையை எந்தப் பக்கம் கட்டுவது எல்லாம் சொல்கிறீர்கள். ஆனால் வீட்டில் எந்தத் தவாவில் தோசை சுடுகிறீர்கள், கொசுவுக்கு என்ன கொளுத்துகிறீர்கள், தரையை எதை ஊற்றித் துடைக்கிறீர்கள் என்பது பேச்சில் வருவதே இல்லை. அவர்களும் சொல்வதில்லை, நீங்களும் கேட்பதில்லை.

அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்த மடல்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். முத்தியால்பேட்டையில் வீடு, வீட்டில் பறவைகள் உண்டு. பழைய மாணவர்களும் அவர்களுடைய அம்மாக்களும் பறவைக்கு ஏதாவது ஒன்று என்றால் "டீச்சர், கொஞ்சம் பாருங்க" என்று வந்துவிடுகிறார்கள். குரும்பாப்பேட்டையில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் பெரும்பாலும் நான் செய்வது. ஆனாலும் வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை விசாரிப்பேன். விசாரித்தால், கிருமியைத் தேட வேண்டியதில்லை என்று பல சமயம் தெரிந்துவிடும். அடுப்படியிலோ குளியலறையிலோ இருக்கும் ஒரு பாட்டிலில் போய் விஷயம் முடியும்.

பறவைக்கு மட்டும் ஏன் இப்படி என்று வாங்குகிறவர் கேட்டால் நீங்கள் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நம் நுரையீரல் துருத்தி மாதிரி. உப்பும், சுருங்கும். உள்ளே போன காற்று வந்த வழியே திரும்பும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பழைய காற்று உள்ளேயே தங்கும். பறவையின் நுரையீரல் அப்படி உப்புவதில்லை. பெரும்பாலான பறவைகளுக்கு உடம்புக்குள் ஒன்பது காற்றுப் பைகள் இருக்கின்றன. அவைதான் விரிந்து சுருங்கி, நுரையீரல் வழியாகக் காற்றை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் நுரையீரலுக்குப் புதுக்காற்று, விடும்போதும் புதுக்காற்று. ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் சவ்வும் நம்முடையதைவிட மெல்லியது. பறப்பதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை வாரி எடுக்க அமைந்த உடம்பு. காற்றில் வேறு எது கலந்திருந்தாலும் அதையும் அப்படியே வாரி எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1911-இல் தொடங்கி 1986 வரை கேனரிக் குருவியைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டுபோனது இதை நம்பித்தான். கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஆள் மயங்குவதற்கு முன்பே குருவி சரிந்துவிடும். நீங்கள் விற்கும் லவ் பேர்ட்ஸ் (பட்ஜரிகர்) ஒன்று 30, 40 கிராம் இருக்கும். அறுபது கிலோ ஆளுக்குத் தொண்டை கரகரக்க வைக்கும் அளவு அதற்கு எவ்வளவு பெரிய அளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தவா. மற்றவை பெரும்பாலும் பறவையை மெல்ல மெல்ல நோகடிக்கும். இது நிமிடங்களில் கொல்லும்.

நான்ஸ்டிக் பூச்சு என்பது பி.டி.எஃப்.இ. என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். டெஃப்லான் என்றால் ஊருக்கே தெரியும். வழக்கமான சமையல் சூட்டில் அது பாட்டுக்குக் கிடக்கும். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும், சூடு ஏற ஏறச் சிதைவும் வேகமாகும். அதிலிருந்து கிளம்பும் நுண்துகளும் வாயுக்களும் பறவையின் நுரையீரலைப் புண்ணாக்கி, ரத்தமும் நீரும் கோத்துக்கொள்ளச் செய்யும். மாவு ஊற்றிய தவா அவ்வளவு சூட்டுக்குப் போகாது, மாவில் இருக்கும் தண்ணீரே சூட்டை இழுத்துப் பிடிக்கும். வெறும் தவாவைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்துவிட்டு நகர்ந்தால் சில நிமிடங்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

நம் வீடுகளில் பழக்கம் என்ன? கல் காயட்டும் என்று அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் சட்னிக்குத் தேங்காய் துருவப் போவோம். இரும்புக் கல்லுக்கு அது சரி, நன்றாகக் காய்ந்தால்தான் முதல் தோசை எழும்பும். அதே கை அதே பழக்கத்தில் நான்ஸ்டிக்கையும் காயவைக்கிறது. லாஸ்பேட்டையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் நடந்தது இதுதான். தவாவை வைத்தாள். வாசலில் சிலிண்டர் வந்தது. காலி சிலிண்டரை உருட்டிக் கொடுத்து, போனில் வந்த ஓடிபியைச் சொல்லி, சில்லறை இல்லை என்று அவர் சொல்ல இவள் பக்கத்து வீட்டில் மாற்றி வந்து கொடுத்து, உள்ளே வந்து பார்த்தால் அவள் வளர்த்த காக்டெயில் கிளி கம்பில் இல்லை, கூண்டின் தரையில் இருக்கிறது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கதவில்லாத வளைவு, அதை ஒட்டிக் கூண்டு. அலகு திறந்திருக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி ஏறி இறங்குகிறது. என்னிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. "வாடையே வரலையே டீச்சர், வாடையே வரலையே" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பறவையை அவளுக்கு விற்றவர் அக்கறையான மனிதர். எந்த நேரத்தில் குளிக்க வைப்பது, மழைநாளில் கூண்டை எப்படி மூடுவது என்று வரிசையாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். தவாவைப் பற்றி அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாடை வராது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். கடலூர் முதுநகர், குடிகாடு பக்கத்து ஆட்கள் சிப்காட் ரசாயன ஆலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். இன்றைக்குக் காற்றில் என்ன வருகிறது என்று மூக்கை வைத்தே பிரித்துச் சொல்வார்கள். அந்த மூக்கும் இங்கே உதவாது.

படித்த வாடிக்கையாளர் உங்களை மடக்குவார், "எங்க தவா பெட்டியில பி.எஃப்.ஓ.ஏ. இல்லைன்னு போட்டிருக்கே?" என்று. அது வேறு சங்கதி. பி.எஃப்.ஓ.ஏ. என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட இன்னொரு ரசாயனம். உடம்பிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிறது என்பதால் 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அது இல்லாவிட்டாலும் பூச்சு அதே பி.டி.எஃப்.இ.தான், தீய்ந்தால் வருவதும் அதே நஞ்சுதான். சாண்ட்விச் டோஸ்டர், பணியாரச் சட்டி, ஏர் ஃப்ரையர் கூடை என்று அந்தப் பூச்சு எங்கெங்கோ இருக்கிறது. தவாவைத் தூக்கிப் போடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் அதைச் சொல்லவில்லை. (என் வீட்டில் மாமியார் காலத்து இரும்புக் கல்தான். அதைத் தூக்க ஒரு கை போதாது என்பது தனிக் கதை.) கூண்டைச் சமையலறையிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள், வெறும் நான்ஸ்டிக்கை அடுப்பில் வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகராதீர்கள் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். கையில் பறவையோடு நிற்கிறவர் கேட்டுக்கொள்வார்.

அடுத்தது கொசு. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு தண்ணீர் வடிந்த தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர், சாயங்காலமானால் புகை மிஷின், வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூலைக்கு மூலை கொசுவத்தி. மனிதருக்கு இதெல்லாம் வேண்டியதுதான், டெங்கு ஒன்றும் விளையாட்டில்லை. ஆனால் அந்த மூடிய வீட்டுக்குள்தான் கூண்டும் தொங்குகிறது.

ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சுருளில் இருக்கும் பைரித்ராய்டு மருந்து பறவையின் வயிற்றுக்குள் போனால் அவ்வளவு கொடியது இல்லை, பூச்சிக்கும் மீனுக்கும்தான் அது எமன். பறவையைப் படுத்துவது அந்தப் புகை. லிக்விட் மிஷினில் புகை இல்லைதான், ஆனால் மூடிய அறையில் விடிய விடிய மருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும், அதனால் கூண்டு இருக்கும் அறையில் அதுவும் வேண்டாம். கரப்பான் ஸ்ப்ரேயில் மருந்தோடு கரைப்பானும் சேர்ந்து நுண்துளியாகப் பறக்கும். அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பறவையை முதலில் வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்த வேண்டும். கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணி ஆவியைத் தடுக்காது. தெருவில் புகை மிஷின் சத்தம் கேட்டால் பால்கனிக் கூண்டை உள்ளே எடுத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, புகை கலைந்ததும் திறக்க வேண்டும். அந்தப் புகை என்பது டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கலந்த பூச்சிமருந்து.

கொசுவுக்கு மாற்று வலைதான். பறவைக்குக் கொசுவலையா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பறவைக்கு வரும் அம்மையைப் பரப்புவதும் கொசுதான், ஆகவே வலை இரண்டுக்கும் ஆகும். எலாஸ்டிக் வைத்துத் தைத்த கூண்டு வலையை நீங்களே விற்கலாம். இந்த ஊரில் அது விற்காமல் போனால் என்னைக் கேளுங்கள்.

இன்னொன்று யாருமே யோசிக்காதது. பிள்ளைகள் சாயங்காலம் விளையாடப் போகும் முன் கைகாலில் கொசு க்ரீம் தடவிக்கொள்வார்கள். திரும்பி வந்து கையைக் கழுவாமல் கூண்டைத் திறப்பார்கள். கைப்பழக்கமான பறவை விரலில் ஏறி உட்கார்ந்து என்ன செய்யும்? நகக்கணுவில் தொடங்கி விரலைக் கொறித்துக்கொண்டே இருக்கும். பாட்டியின் கையில் தைலம், அப்பா கையில் சானிடைசர், அக்கா கையில் நெயில் பாலிஷ். எல்லாம் அந்தச் சின்ன நாக்குக்குத்தான் போகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

சாம்பிராணி, ஊதுவத்தி, சூடம் பற்றி நீட்டவில்லை. வெள்ளிக்கிழமை தூபம் போடாதே என்று யாரையும் சொல்ல முடியாது. போடும் நேரத்துக்குக் கூண்டு மொட்டை மாடிக்கோ வராந்தாவுக்கோ போய் வரட்டும். பெயிண்ட், வார்னிஷ், தின்னர் என்றால் ஒருவேளை போதாது. வாடை முழுக்கப் போகும்வரை சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

குளியலறை விஷயம் ஒன்றுண்டு, அது பறவையோடு சேர்த்து ஆளுக்கும் ஆபத்து. கறை போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன்மேல் டாய்லெட் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வகுப்பில் நான் நடத்துகிற பாடம்தான், பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிட்டு வீட்டில் போய் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கூண்டைக் கழுவவும் இவை எதுவும் வேண்டாம். பினாயில் ஊற்றித் துடைத்த தட்டில் சிந்திய தினையைப் பறவை பொறுக்கித் தின்னும் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. சுடுதண்ணீர், கொஞ்சம் பாத்திரச் சோப்பு, நாரால் தேய்ப்பு, நல்ல வெயில். வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம்?

இனி உங்கள் கடைச் சரக்குக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விற்கும் கூண்டுகளில் மலிவானவை ஜிஐ கம்பி வலையில் செய்தவை. இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. கடல் இல்லாத ஊரில் அந்தப் பூச்சு வருடக்கணக்கில் தாங்கும். இங்கே உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அதை அரித்துவிடும். வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய தெருக்களில் ஒரு மழைக்காலமே போதும். கூண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கம்பியும் கம்பியும் சேரும் முடிச்சுகளைப் பாருங்கள். வெள்ளை பூத்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் பொடி விரலில் ஒட்டும், நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். உப்பு படிந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது அரிக்கப்பட்ட துத்தநாகம். கிளி இனப் பறவைகள் அலகால் கம்பியைக் கவ்வித்தான் கூண்டில் ஏறும் இறங்கும். பொழுது போகாவிட்டால் அந்த முடிச்சுகளைத்தான் கொறிக்கும், நாக்கால் துழாவும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். முதலில் தாகம் அதிகமாகும், நீர் நீராகக் கழியும், பிறகு பச்சையாகக் கழியும். தீனி தின்கிற மாதிரியே இருக்கும், நெஞ்செலும்பு மட்டும் துருத்திக்கொண்டு வரும். கால் தள்ளாடும், கம்பில் நிற்க முடியாமல் கீழே இறங்கிவிடும். வாங்கியவர் உங்களிடம் வந்து "வயித்தால போகுது" என்பார், நீங்கள் ஒரு சொட்டு மருந்தைக் கொடுப்பீர்கள், பறவை அதே கூண்டுக்குத் திரும்பிப் போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால், உடம்பில் சேர்ந்த உலோகத்தைக் கட்டி வெளியேற்றும் ஊசி கால்நடை மருத்துவத்தில் உண்டு. கூண்டைப் பற்றி யாராவது மருத்துவரிடம் சொன்னால்தானே அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்?

புதுக் கூண்டிலும் இது உண்டு. பூசும்போது சொட்டி உறைந்துபோன துத்தநாகத் துணுக்குகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். விற்பதற்கு முன் வினிகரை ஊற்றிக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து, தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். அரைமணி வேலை, கடைப் பையனே செய்துவிடுவான். வெள்ளை பூத்துப்போன கூண்டைப் பாதி விலைக்குத் தள்ளாதீர்கள், அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். அதன்மேல் எனாமல் அடித்துப் புதுசு போல ஆக்குவது அதைவிடக் கெடுதல், பறவை செதில் செதிலாக உரித்துத் தின்னும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரண் மேல் கிடக்கும் பழைய டின்னில் என்ன இருக்கிறதோ யார் கண்டது. வாங்குகிறவரிடம் காசு இருந்தால் பவுடர் கோட்டிங் போட்டதை, இன்னும் கொஞ்சம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காட்டுங்கள். காட்டினால் வாங்குவார்கள். வசதியுள்ளவர்கூட ஜிஐ கூண்டோடு போவதற்குக் காரணம், கடை வாசலில் தொங்குவது அது ஒன்றுதான்.

இறகில் பேன் என்று வருகிறவர்களுக்கு உங்களில் சிலர் நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரைக் காகிதத்தில் மடித்துத் தருகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பறவை நாள் முழுக்க இறகைக் கோதும், போட்டதெல்லாம் வாய்க்குள்தான் போகும். பேனுக்கு மருத்துவர் தரும் மருந்து ஒன்றிரண்டு சொட்டுதான். பானைக்குள் அந்துருண்டை போடச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியது, முட்டை வைக்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை?

எறும்பு ஒரு தீராத தொல்லை, ஒத்துக்கொள்கிறேன். தினைக்கு வரும், ஊறவைத்த பயறுக்கு வரும், குஞ்சு இருந்தால் குஞ்சையே மொய்க்கும். அதற்காக ஸ்டாண்டின் காலில் எறும்புச் சாக்பீஸால் கோடு போடுகிறார்கள். அது பூச்சிமருந்து கலந்த சாக்பீஸ், காய்ந்ததும் பொடியாகப் பறக்கும். நம் பாட்டிகள் பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார்களே, அந்த வழிதான். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் நாலு கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர். வாரத்துக்கு இரண்டு முறை கொட்டி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதில் கொசு வளரும்.

தீனி மூட்டை எங்கிருந்து வருகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். விதைப்புக்கு மிஞ்சிய கம்பும் சோளமும் சில சமயம் மலிவாகக் கைக்கு வரும். ரோஸ் நிறமோ வேறு சாயமோ ஏறியிருந்தால் அது மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த தானியம், எந்த விலைக்கும் தீனியில் கலக்காதீர்கள். பெரிய மார்க்கெட்டில் வாங்கும் கொத்தமல்லியையும் கீரையையும் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் அலசிப் போடச் சொல்லுங்கள். மேலே படிந்த மருந்து பெருமளவு போகும், செடிக்குள் ஏறியது போகாது. மாடித் தொட்டியில் மருந்தில்லாமல் வளர்த்த கீரைக்கு ஈடில்லை.

இவ்வளவையும் ஒவ்வொருவரிடமும் சொல்ல உங்களுக்கு நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவருக்குப் பறவை பிடித்துக் கொடுக்கும்போதே இன்னொருவர் தீனிக்குக் கையை நீட்டுவார். அதனால்தான் சீட்டு கேட்கிறேன். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம். கூண்டின் கதவில் கட்டிக் கொடுத்துவிடலாம். வாசகம் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்:

"இந்தப் பறவைக்குப் புகையும் ரசாயன ஆவியும் ஆகாது. கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே காயவிடாதீர்கள். கூண்டு இருக்கும் அறையில் கொசுவத்தி, ஸ்ப்ரே, சாம்பிராணி, பெயிண்ட் வேண்டாம். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். கம்பியில் வெள்ளை பூத்தால் கூண்டை மாற்றுங்கள். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால், வால் மூச்சோடு சேர்ந்து ஆடினால், கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டில் பயன்படுத்திய பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பறவை நோயை வெளியே காட்டாது. காட்டில் சோர்ந்து தெரிகிறதைத்தான் வல்லூறு முதலில் தூக்கும், அதனால் முடிகிறவரை தெம்பாக நிற்கும். நாம் பார்க்கும்போது நேரம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். பாட்டிலைப் பார்த்தால் மருத்துவருக்கு அந்த நேரமாவது மிச்சமாகும்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், வேறு யாரும் இல்லை. தவா விற்கும் கடைக்காரருக்குத் தன்னிடம் வாங்குகிறவர் வீட்டில் கிளி இருப்பது தெரியாது. மருத்துவர் பார்க்கும்போது காரியம் கைமீறியிருக்கும். செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018-இல் வந்த மத்திய அரசு விதிகள் கடையைப் பதிவு செய்வதையும் கடைக்குள் பிராணி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பேசுகின்றன. அது வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு அடுப்படியில் என்ன நடக்கிறது என்று எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? பணத்தைக் கொடுத்துவிட்டு, பையன் கூண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்த ஐந்து நிமிடம்தான் அந்தக் குடும்பம் ஒரு வார்த்தையை முழுசாகக் காதில் வாங்கும் நேரம். அப்போது எதிரே நிற்பது நீங்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பறவை செத்தால் இன்னொரு ஜோடி போகும் என்று ஒரு கணக்கு இருக்கலாம் (வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டீர்கள், தெரியும்). நான் பார்த்த வரையில் அது தப்புக் கணக்கு. முதல் பறவை செத்த வீட்டில் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாது, அம்மா இனிமேல் இந்த வீட்டில் எதுவும் வேண்டாம் என்பாள், கூண்டு மாடிக்குப் போய்ப் புதினாத் தொட்டிக்கு மூடியாகும். பறவை பிழைத்துக் கிடக்கிற வீடுதான் மாதாமாதம் தினைக்கும் கணவாய் ஓட்டுக்கும் உங்களிடம் வரும், பெரிய கூண்டு கேட்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வரும்.

பச்சைக்கிளியை மறைத்து வைத்து விற்கிறவர்களுக்கு இந்த மடல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அவர்களோடு பேச வனத்துறை இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது சீட்டில் வராது. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது உள்ளே கொசுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுப் போகிற கடைகள் இருக்கின்றன. நூறு பறவை இருக்கிற அறை, காற்றுக்கு வழி ஷட்டருக்கு அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி. காலையில் வந்து இரண்டு மூன்று செத்துக் கிடந்தால் "வழியில அடிபட்டு வந்த லாட்" என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். ஒரு மாதம் வலையடித்த ஜன்னலும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்து, கொசுவத்தி இல்லாமல் பூட்டிப் பாருங்கள். செத்தவற்றை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முந்தைய மாதத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் ஃபேன் காசு எத்தனை நாளில் திரும்பும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மார்கழி பிறந்ததும் ஊர் முழுக்க வெள்ளையடிப்பும் பெயிண்டும் தொடங்கிவிடும். அதற்குள் சீட்டு உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் கட்டுச் சீட்டுகளை என் செலவில் அச்சடித்து, என் மாணவர்கள் கையில் கடைக்குக் கடை கொடுத்தனுப்புகிறேன். கீழே உங்கள் கடைப் பெயர் போட வேண்டுமா, இடத்தைக் காலியாக விடவா என்பதை மட்டும் வருகிற பையன்களிடம் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை